மூன்றாம் தண்ணீர்

சென்ற மாதம் எங்கள் பட்டறையில் ஒரு சிறு கருவி வாங்கியிருக்கிறார்கள். பேனா அளவுதான் இருக்கும். நுனியைத் தண்ணீரில் நனைத்தால் அதில் கரைந்துள்ள உப்பை எண்ணாகக் காட்டிவிடும். நான் ஓய்வுபெற்று ஓராண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் சேகர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திருவொற்றியூரில் உள்ள என் வீட்டுக்கே வந்து காட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு கலவை குழைத்தவர் அவர்.

"இன்னாக்கா, பாத்தியா? இனிமே நாக்க நீட்டிகினு நிக்கிற வேல இல்ல. இத்த உள்ள வுட்டா நம்பரு வந்துரும். உனக்கு மின்னாடியே குடுத்துட்டோம், இப்ப உன் நாக்குக்கும் ரிட்டயர்மெண்டு."

நானும் சிரித்தேன். அவர் போனபிறகு நெடுநேரம் அந்தக் கருவியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே தோட்டச் சிற்பங்கள் செய்து பழகும் உங்கள் குழுவினர், கலவையின் அளவுகளையும் அனுபவத்தையும் எழுதித் தரும்படி இரண்டு முறை கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுகிறேன். அளவுகளை மட்டும் எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும் என்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

என் முதல் வேலை இராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. பதினோரு ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை தேடினேன். அச்சகம் மூடப்பட்டபோது எனக்கு வேறு தொழில் தெரியாது. தண்டையார்பேட்டையில், டோல்கேட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பழைய கிடங்கு ஒன்றில் தோட்டத் தொட்டிகளும் சிலைகளும் செய்கிறார்கள், வருகிற ஆர்டர்களை எழுதிவைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்றாம் மாதத்தில் கையுறை மாட்டிக்கொண்டேன். ஆமை, கொக்கு, பறவைகள் நீர் அருந்தும் தட்டு, பாசி படிந்த பாறைபோல் தோன்றும் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் சொல்லத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒருமுறை கையுறையில்லாமல் நாள் முழுவதும் குழைத்து, சிமெண்டின் சுண்ணாம்பு விரல்களைத் தின்றுவிட்டது. ஒரு வாரம் சாதத்தைக் கரண்டியால் உண்டேன். பயிற்சி என்று சொன்னால் அதுதான்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் சிமெண்டோடு 'பீட்' என்ற ஒன்றைக் கலக்கச் சொல்லியிருப்பார்கள். குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கி, நெடுங்காலம் அடியில் கிடந்து உண்டான மண் அது. சிமெண்டின் கனத்தைக் குறைத்து, நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாளடைவில் கல்லின்மேல் பாசி படர இடம் தருவது அதன் வேலை. நமக்கு அது கிடைப்பதில்லை. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் உதிரும் பழுப்புத் தூள் அதே வேலையைக் குறையின்றிச் செய்கிறது. ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு மணல், ஒன்றரைப் பங்கு நார்த்தூள். கொழுக்கட்டை மாவின் பதத்துக்குப் பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு நீர் கசிய வேண்டும். அதற்குமேல் கசிந்தால் சிலை உட்கார்ந்துவிடும். கசியவே இல்லையென்றால் உதிர்ந்துவிடும்.

ஆனால் நார்த்தூளுக்கு ஒரு குறை உண்டு. மட்டைகளைப் பெரும்பாலும் கழிமுகத்து உவர்நீரில் ஊறப்போட்டே நார் எடுக்கிறார்கள். ஆகவே தூள் உப்போடுதான் வரும். அந்த உப்பு உடனே எதையும் செய்துவிடாது. அதுதான் அதன் வஞ்சகம். சிற்பம் அழகாக இறுகும், காயும், வீடு போய்ச் சேரும். உப்போ உள்ளே ஈரத்தோடு ஊர்ந்து, நாம் எலும்புபோல் வைத்திருக்கும் கம்பிவலையை அடையும். வலை துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது கல்லை உள்ளிருந்து பிளக்கும்.

அதனால்தான் மூன்று தண்ணீர். தூளைச் சாக்கில் கட்டி, தொட்டியில் அமுக்கி, ஒருநாள் ஊறவைத்துப் பிழிவது முதல் தண்ணீர். அது கறுத்த தேநீர்போல் இறங்கும். அதையே மறுபடி செய்வது இரண்டாம் தண்ணீர். இந்த இரண்டுக்கும் குழாய்க்கிணற்று நீரே போதும். எங்கள் பக்கத்தில் அது எப்போதும் சற்று உவர்ப்பாகத்தான் இருக்கும். மூன்றாம் தண்ணீர் மட்டும் லாரியில் வரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், நிறையவும் இருக்க வேண்டும். அதைப் பிழிந்து, பிழிந்த நீரை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு கரித்தாலும் நான்காம் தண்ணீர்.

நாவில் வைக்கும் அந்த வழக்கம் எங்கள் முதலாளி செல்வின் சாருடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அண்ணன்மார் வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்ய, இவர் மட்டும் மண்ணையும் சிமெண்டையும் பிசைய வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். ஆனால் நாங்கள் யாரும் அவர் முன்னால் உரக்கப் பேசியதில்லை. அவரும் எங்கள் முன்னால் உரக்கப் பேசியதில்லை. நன்றாக வந்த சிலையைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போவார். கெட்டுப்போனதை எடுத்துவந்து, செய்தவர் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் என்ன தவறு என்பதை நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ருசி பார்க்குமுன் நல்ல நீரால் வாய் கொப்பளிப்பார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, விரலை நனைத்து, நுனிநாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "சாரு நன்மை வாங்குறாரு, யாரும் சவுண்டு வுடாதீங்க" என்று, மாதா கோயிலில் நற்கருணை வாங்குவதைச் சொல்லி, சேகர் கிசுகிசுப்பார். செல்வின் சார் கண் திறக்காமலே, தீமைக்கான பழைய ஜெபச் சொல்லால், "நன்மை இல்லடே, தின்மை. இன்னொரு தண்ணி விடு" என்பார்.

ஒருநாள் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். "மரகதம்மா, டாக்டர் எனக்கு உப்பக் குறைக்கச் சொல்லிட்டாரு. இனிமே நீங்க பாருங்க. பிழை பாத்துப் பழகுன ஆளுல்லா." விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் சரியென்று தலையசைக்காமல் எந்தக் கலவையும் குழைக்கப்படவில்லை. அதில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமைக்கும் பங்குண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு கலவையிலிருந்தும் உள்ளங்கையளவு வில்லை ஒன்று தட்டி, நடுவில் ஒரு துண்டு வலையைப் புதைத்து, எண் எழுதி, அலுவல் அறையின் அலமாரியில் வைப்போம். யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. இருக்கட்டும் என்று இருக்கும்.

பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டேன். மணம் ஒரு மாதத்தில் திரும்பியது. சுவை திரும்பவில்லை. தனியாக வாழ்கிறவள் நான். சமையலில் உப்புக் கூடிற்று என்றோ குறைந்தது என்றோ சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை. மகள் தொலைபேசியில் கேட்டபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். பட்டறைக்கும் அதையே சொன்னேன்.

பட்டறை அப்போது பூட்டிக் கிடந்தது. பேருந்துகள் ஓடவில்லை. செல்வின் சார் எங்களில் மூவரின் வீடுகளுக்குச் சிமெண்டும் மணலும் நார்த்தூளும் அனுப்பிவைத்தார். சேகர் மீன்பாடி என்னும் மூன்று சக்கர வண்டியில் மூட்டைகளோடு வந்து இறக்கிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துக்கொண்டு, "அக்கா, இனி உன் வூடுதான் பட்டற. ஓனரு நீதான், கூலியும் நீதான், திட்றதுக்குதான் ஆளு கெடையாது" என்றார். வீட்டின் பின்புறம் துணி காயவைக்கும் ஆறடி இடத்தில் வேலையைத் தொடங்கினேன்.

பிலோமினா அக்கா வந்தது அந்த நாட்களில்தான். இராயபுரத்துக்காரர், காசிமேட்டில் மீன் விற்பவர். அச்சகத்தில் நான் இருந்த காலத்தில் வாசலில் கூடையை இறக்கி எங்களுக்கு மீன் கொடுத்துப் போவார், அந்தப் பழக்கம். ஒரு நெகிழிப் பையில் எதையோ மார்போடு அணைத்து வந்திருந்தார். பிரித்தால் ஒரு சோடி கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

அவருடைய மகன் ஜோசப்பை எனக்குத் தெரியும். ஐஸ் தொழிற்சாலையில் வேலை. முந்தைய மாதம் ஒரு விடியலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் அவன் சைக்கிள்மேல் கண்டெய்னர் லாரி ஏறிவிட்டது. பூட்ஸ் வேலையிடத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். உடன் வேலை செய்தவர்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாத்தியும் போலீசுல குடுக்கும்போது கிழிஞ்சுகினு, ரத்தமா இருந்துச்சு. இது ஒண்ணுதான் அவன் கழட்டி வெச்சது கழட்டி வெச்சாப்பல கீது" என்றார். "ரப்பரு எத்தினி நாளிக்கு இருக்கும், சொல்லு. வெடிச்சிப்பூடும். நீ கல்லுல பண்ணிக் குடு மரகதம். வாசப்படில அவன் செருப்பு வுடுற எடத்துல வெச்சி, உள்ள மண்ணு போட்டு மேசை ரோஜா நட்டு வெக்கிறேன்."

செல்வின் சாரிடம் தொலைபேசியில் கேட்டேன். பூட்ஸையே அச்சாகக் கொண்டு, உள்ளே கலவையை இட்டு, இறுகியபின் ரப்பரை அறுத்தெடுத்தால் வேலை எளிது என்றார். அதை நான் சொல்லி முடிக்குமுன் பிலோமினா அக்கா பையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "கத்தி வெக்கக் கூடாது. தொடைக்கவும் கூடாது." ஆகவே பார்த்துச் செய்வதென்று முடிவாயிற்று. பூட்ஸ் ஒன்பது நாள் என் வீட்டில் இருந்தது.

அளவு நாடாவால் எல்லாவற்றையும் எடுத்தேன். உயரம், கணுக்காலின் சுற்று, மேல்வாயின் விரிவு, குதிகாலின் பருமன். இடக்காலின் குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. பாதத்தைச் சற்றே சாய்த்து நடப்பவன். வலக்காலின் பெருவிரல் பக்கம் சைக்கிள் டியூப்பை வெட்டிப் பஞ்சர் ஒட்டியதுபோல் ஓர் ஒட்டு, சரியாக நீள்சதுரம், நான்கு மூலைகளும் மழுக்கப்பட்டிருந்தன. இரண்டு பூட்ஸிலும் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கோடொன்று ஓடியது. ஐஸ் உறையவைக்கும் தொட்டிகளின் உப்புநீர் அவ்வளவு உயரம் வரை நனைத்திருக்கிறது. ஒட்டையும் தேய்மானத்தையும் செய்ய வேண்டும், அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். உழைப்பின் கறை கல்லிலும் எதற்கு என்று தோன்றியது.

தூளைக் கழுவத் தொடங்கினேன். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், குழாய்க்கிணற்று நீரில். மூன்றாம் தண்ணீருக்கு லாரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டில் இரண்டு குடம் நல்ல நீர் இருந்தது, குடிக்கவும் அதுதான். ஒரு குடத்தை ஊற்றி, அமுக்கிப் பிழிந்தேன். அது போதாதென்பது கைக்குத் தெரிந்தது. அதனால்தான் மற்ற நாட்களைவிடக் கவனமாக வாய் கொப்பளித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பினேன், விரலை நனைத்து நாவில் வைத்துக் கண்ணை மூடினேன்.

ஒன்றும் தெரியவில்லை.

உப்பில்லாத நீரும் அப்படித்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு 'ஒன்றுமில்லை'களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உலகில் அப்போது நான் ஒருத்திதான் அறிவேன். அரைநொடி நின்றிருப்பேன். பிறகு, வேறு யாரும் இல்லாத அந்த முற்றத்தில், பட்டறையில் தலையசைப்பதுபோலவே தலையசைத்தேன்.

வேலை நன்றாக வந்தது. கோழிவலையை மடித்துக் கால் வடிவில் வளைத்தேன். நெகிழிப் பைகளில் ஈரமணலை அடைத்து உள்ளே திணித்துப் பருமன் கொடுத்தேன். அதன்மேல் ஓரங்குலக் கனத்தில் கலவையைப் பிடிபிடியாக, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே போனேன். நீர் வடிய அடியில் ஒரு பென்சிலைச் செருகிவைத்தேன். நெகிழித் தாளால் மூடி ஒன்றரை நாள் விட்டபின் திறந்தால், நகத்தால் கீறினால் கோடு விழும் பருவத்தில் இருக்கும். அந்தப் பருவத்தில்தான் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கல்லின் முகத்தை வெளிக்கொணர வேண்டும். பழைய ரம்பத்துண்டால் குதிகாலைச் சாய்த்துச் செதுக்கினேன். ஒட்டின் நான்கு மூலைகளையும் மழுக்கினேன். பிறகு ஈரச் சாக்குக்குள் மூன்று வாரம். பென்சிலை உருவி, உள்மணலை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு இறங்குவதற்காக நாள்தோறும் நீர் மாற்றி இரண்டு வாரம் ஊறவைத்தேன். சுண்ணாம்பு இறங்கியது. உள்ளே சென்ற உப்பில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. ஊறவைத்ததும் குழாய்க்கிணற்று நீரில்தான் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிலோமினா அக்கா ரப்பர் பூட்ஸை மறுபடி எடுத்துவந்து, இரண்டு சோடிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒட்டின்மேல் விரலை ஓட்டினார். "அவனே ஒட்டுனது. கடைக்குப் போ நைனான்னா கேக்க மாட்டான்" என்றார். சேகர் வண்டியில் ஏற்றிச் சென்றார். வில்லையை எண் எழுதி அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து, பட்டறை திறந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் பூட்ஸ் இரண்டும் சற்றே விலகி, ஒருவன் கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல் நின்றன. மேசை ரோஜா நிறையப் பூத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே வெண்மையாக ஒரு கோடு, கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஓடியது. மண்ணின் ஈரம் உள்ளிருந்து கசிந்து காயும் இடத்தில் உப்புப் பூத்திருந்தது.

நான் குனிந்து அதை விரலால் தொட்டேன். அவரோ என் கையைப் பற்றிக்கொண்டார். "நீ குடுக்கும்போது அந்தக் கோடு இல்லயேன்னு நெனச்சேன், கேக்க மனசு வர்ல. அப்பால பாத்தா தானா வருது. இன்னா வேல பண்ணி வெச்சிகிற மரகதம் நீ. தெருவுல எல்லாருக்கும் கூப்டு காட்னேன்."

அது என் வேலையன்று என்று சொல்ல அப்போது ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கழுவும்போது செய்தது தவறு. இது அதைவிடப் பெரிது என்று இன்றும் நினைக்கிறேன்.

மறு கோடையில் இடக்கால் பூட்ஸ் பிளந்தது. கணுக்காலிலிருந்து குதிவரை, ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். உள்ளே வலை செந்நிறத்தில் துருவேறித் தெரிந்தது. பிளந்து இரண்டு மாதம் கழித்து, அவ்வழியே போன சேகர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "கடக்காத்துக்கா. காசிமேட்டுல எரும்பு நிக்குமா? எங்க வூட்டு கேட்டே ரெண்டு வாட்டி மாத்தியாச்சு." பட்டறையில் எல்லாரும் ஆமென்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. கடற்காற்று, அதற்கு யார் பொறுப்பு?

ஆனால் சேகர் போகிறபோக்கில் இன்னொன்றையும் சொன்னார். "அந்தம்மாதான் பேஜாராயிட்டாங்க. மீன் கழுவுன தண்ணிய அதுல ஊத்துவாங்களாம். மொத தண்ணிதான் செடிக்கு, அப்பால கல்லுப்பு போட்டுத் தேய்ச்ச தண்ணிய சாக்கடைல ஊத்திருவேன், ஏதோ ஒரு நாளு மறந்து உப்புத் தண்ணிய அதுல ஊத்திட்டேன் போல, நானே கெடுத்துட்டேன்னு சொல்லிகினு கீறாங்க. இப்ப எந்தச் செடிக்கும் ஊத்தறதில்லயாம். கருவேப்பில கூட வாடிப்போச்சு."

அன்று பிற்பகல் என் மேசைக்குத் திரும்பியபோது அதன்மேல் அந்த வில்லை இருந்தது. என் கையெழுத்தில் எண். நடுவே குறுக்காகப் பிளந்து, துருவின் நிறம் இரு பக்கமும் கசிந்திருந்தது. செல்வின் சார் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

அவர் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எதிரில் அமர்ந்தார்.

"கடக்காத்து இந்த அலமாரிக்குள்ள வராதுல்லா மரகதம்மா?" என்றார்.

சொன்னேன். காய்ச்சலையும், சுவை போனதையும், லாரி வராததையும், தலையசைத்ததையும். வெண்கோட்டுக்குக் கிடைத்த பாராட்டையும் சொன்னேன்.

"அந்தக் கலவையில வேற என்னல்லாம் செஞ்சிய?"

"வேறெதுவும் இல்லை. அது ஒன்றுதான்."

"அதுக்குப் பொறவு ருசி பாத்தது?"

"பட்டறை திறந்ததிலிருந்து சேகரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சளி என்று சொல்லி."

சற்றுநேரம் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இருந்திருக்கலாம், குரலில் இல்லை. "ஒருத்தர் நாக்குல மொத்தப் பட்டறையையும் வச்சது நான். அது என் தப்பு. நாளையிலிருந்து ரெண்டு பேரு பாக்கட்டும்." எழுந்துகொண்டார். "அந்த அம்மாகிட்ட நீங்க போறியளா, நான் போவட்டா?"

"நான்தான் போக வேண்டும்."

உங்களில் பலர் வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள். பக்கத்தில் நின்று கேட்க ஆளிருக்காது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கருவி வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது நல்ல கருவி. இல்லையென்றால் நாவை நம்புங்கள். ஆனால் நாவில் ஒன்றும் தெரியாதபோது, முதலில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து நாவில் வைத்துப் பாருங்கள். அது கரிக்கிறதா? கரித்தால் மட்டும் உங்கள் தீர்ப்புக்கு மதிப்புண்டு. மிக எளிய சோதனை. அந்த நாளில் அடுப்பங்கரை என்னிடமிருந்து எட்டடி தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை, விடை தெரிந்துவிடும் என்பதால்.

மறுநாள் நண்பகலில் போனேன். பிலோமினா அக்கா சந்தையிலிருந்து திரும்பி, வாசலில் மணைபோட்டு அமர்ந்து, தம் வீட்டுக்கான சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். பிளந்த பூட்ஸைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவைத்திருந்தார். மேசை ரோஜா வெளுத்துப்போயிருந்தது.

"வா. பாத்தியா இன்னா பண்ணி வெச்சிகிறேன்னு? நீ அவ்ளோ பாடுபட்டு செஞ்சத..."

"அக்கா, அது நீங்கள் செய்ததில்லை" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அச்சகத்து நாளிலிருந்து என் பேச்சு எழுத்துப்போலத்தான் வரும். அன்று அதுவும் தடுமாறியது. வெள்ளைக் கோடும் நான் செய்ததில்லை, அதுதான் நோயின் முதல் அறிகுறி, தெரிந்தே பேசாமல் போனேன் என்பதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

அவர் கை மீனின்மேல் நின்றுவிட்டது.

"அப்ப என் தண்ணி இல்ல."

"இல்லை."

"ஒரு நாளு ரெண்டு நாளு மறந்து ஊத்தியிருந்தா கூட?"

"ஊற்றியிருந்தாலும் அது இப்படிப் பிளக்காது. உப்பை உள்ளே வைத்துத் தைத்ததே நான்தான்."

அவர் மீனைக் கீழே வைத்தார். பிறகு பேசினார். "ரெண்டு மாசம் மரகதம். கோயில்ல மண்டி போட்டுகினு, உசுரோட இருக்கும்போதும் நான் ஒயுங்கா பாத்துக்கல, கல்லா குடுத்தும் பாத்துக்கலன்னு அழுவேன். உனுக்கு ஒரு வார்த்த சொல்ல வர்ல."

"வரவில்லை, அக்கா."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றதாகவோ மறுத்ததாகவோ சொல்லவில்லை. புதிதாக ஒரு சோடி செய்து தருகிறேன், மூன்றல்ல, ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன், சேகர் ருசி பார்ப்பார் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"புச்சு வாணாம். அவன்தான் ஒட்டுப் போட்டுப் போட்டே ஓட்னவன். இதுக்கும் ஒரு கட்டு போட்டுக் குடு. துரு புடிக்காத கம்பியா பாத்துப் போடு."

செம்புக் கம்பி போடலாம் என்றேன். சரி என்றார். மீண்டும் மீனைக் கையிலெடுத்தார். செதிலை உரித்து, வயிற்றைத் திறந்து, அருகிலிருந்த குவளையால் நீர் மொண்டு அலுமினியச் சட்டியில் அலசினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப ருசி வந்துச்சா உனுக்கு?"

"இனிப்பும் புளிப்பும் வந்துவிட்டன. உப்பு இன்னும் வரவில்லை."

அவர் மீன் துண்டுகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். கல்லுப்பு ஜாடி மூடியபடி மணைக்கு அப்பால் இருந்தது. முழங்காலில் கையூன்றி எழுந்து, சட்டியோடு வாசற்படிக்குப் போய், இடக்கால் பூட்ஸில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

"மொத தண்ணி. உப்பு போடல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மெல்லச் சாய்த்துச் செடிக்கு ஊற்றினார்.